நாம் நடந்த பாதைக்கு நம் பெயரும் வேண்டும்

(பலாங்கொடையில் நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்று பலர் கேட்டதால் முழுமையாகத் தருகிறோம்.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கவும் விறகு எடுக்கவும் பிள்ளைகளுக்கு ஒருநாள் ஆற அமரச் சமைத்துப் போடவும் கிடைக்கிற ஒரே நாளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். சம்பளம், சேமலாப நிதி, வீட்டுப் பிரச்சினை மூன்றையும் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். கடைசி விடயமாக “நடைபாதை” என்று நிகழ்ச்சி நிரலில் வாசித்தபோது பின்வரிசையில் ஓர் அம்மா சிரித்தார். “நாங்க நடக்காத நடையா?” என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

பெரட்டுக்குப் போக ஒரு நடை. பெரட்டிலிருந்து மலைக்கு ஒரு நடை. கொழுந்து நிறுக்க ஒரு நடை. மடுவத்தில் விட்ட கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு நடை. பஸ் வராத தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குப் போக ஒரு நடை. நோயாளியை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நடையும் நமக்கு மறக்கவில்லை. நடை நமக்குப் பொழுதுபோக்கு அல்ல. அப்படியிருக்கச் சங்கம் ஏன் இதைப் பேச வேண்டும்?

காரணம் இதுதான். நாம் தினமும் நடக்கிற தோட்டப் பாதைகளை இப்போது வேறு சிலரும் தேடி வருகிறார்கள். முதுகில் பையோடு, கையில் கோலோடு, நாள் கணக்கில் நடப்பதற்காகவே வருகிறார்கள். அவர்களுக்காகப் பாதை தெரிவு செய்யப்படுகிறது, வரைபடம் போடப்படுகிறது, பலகை நடப்படுகிறது. அந்த வரைபடத்தைப் போடுகிற மேசையில் நாம் இருக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி.

பீக்கோ பாதை

பலருக்கு இது புதிதாக இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். “பீக்கோ ட்ரெயில்” என்று ஒரு நெடுந்தூர நடைபாதை மலையகத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. பீக்கோ என்றால் நமக்குத் தெரியும், ஸ்டோரில் சலித்துப் பிரிக்கிற தேயிலைத் தரத்தின் பெயர். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துர, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அதை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் ஏறக்குறைய ஒரு நாள் நடை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் இதற்கு நிதி தந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பாதைக்காகப் புதிதாகக் காடு வெட்டி வழி போட்டது மிகக் குறைவு. பெரும்பகுதி நூறு வருடங்களுக்கு மேல் பழைய தோட்டப் பாதைகள். மாட்டு வண்டியும் குதிரையும் போன வழி, கொழுந்து லொறி போகிற ரோட்டு, ஒரு டிவிசனிலிருந்து இன்னொரு டிவிசனுக்குப் போகிற குறுக்குப் பாதை. அந்தப் பாதைக்குக் கல் உடைத்தவர்கள் யார், அணை கட்டியவர்கள் யார், காணு வெட்டியவர்கள் யார் என்று இந்த மண்டபத்தில் சொல்லத் தேவையில்லை.

லூல்கந்துரவில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் உட்கார்ந்து பார்த்த கல் ஆசனத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தோட்டத்தில் “லிப்டன் சீட்” இருக்கிறது. தோமஸ் லிப்டன் அங்கே உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்தாராம். உட்கார்ந்தவர்களின் இடத்துக்குப் பெயர் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டி, கன்று வைத்து, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

நாம் யார் மீதும் பொறாமைப்பட்டு இதைச் சொல்லவில்லை. நடக்க வருகிறவர்கள் நல்ல மனிதர்கள். தோட்டப் பாதையை இடிக்காமல், மரத்தை வெட்டாமல், மெதுவாக நடந்து நாட்டைப் பார்க்கிறவர்கள். பெரிய ஹோட்டல் கட்டுகிற சுற்றுலாவைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பாதையின் கதையை யார் சொல்வது, வருமானம் எந்தக் கைக்குப் போவது என்பவை தாமாக நடக்கிற காரியங்கள் அல்ல. யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை

நெடும்பாதை ஒன்றைத் திட்டமிடுவது நமக்குத் தெரியாத வேலையும் அல்ல. 2023 ஆம் ஆண்டு நமது மக்கள் அதைச் செய்து காட்டினார்கள்.

நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை முன்னிட்டு “மாண்புமிகு மலையக மக்கள்” என்ற கூட்டிணைவு அந்த நடைபவனியை ஒழுங்கு செய்தது. ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். 16 நாட்கள், 252 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 16 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

அந்த வழியைச் சும்மா தெரிவு செய்யவில்லை. பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் பாட்டன் பூட்டன்கள் கங்காணிக்குப் பின்னால் வரிசையாக நடந்த வழி அது. மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. அன்று அது முழுக்கக் காடு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கொலராவும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கூடவே நடந்தன. நடக்க முடியாதவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பாதையோரத்திலேயே போய்விட்டார்கள். அவர்களுக்குப் புதைகுழியும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. தப்பிப் பிழைத்துக் காட்டைக் கடந்து வந்தவர்கள் மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டு மூச்சு விட்டார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள்.

2023 இல் நடந்தவர்கள் அந்த வழியில் பதினொரு கோரிக்கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நம் வரலாற்றையும் உழைப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், காணியுரிமையும் வீட்டுரிமையும் வேண்டும், வாழ்வதற்குப் போதுமான சம்பளம் வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. வழி நெடுகத் தமிழ், சிங்கள, முஸ்லிம் மக்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். தங்கச் சொன்னார்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னால் அதே வழியில் நடந்தவர்களுக்குக் கிடைக்காத ஒரு சிரட்டைத் தண்ணீர் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

இந்த நாட்டில் நெடுநடைக்கு இன்னுமோர் உதாரணமும் இருக்கிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரை. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு குமண, யால காடு. நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு வாரக்கணக்கில் நடை. யுத்த காலத்தில் தடைப்பட்டது, பிறகு மீண்டது. அந்தப் பாதையை வழிநெடுக இருக்கிற கோயில்களும் ஊர் மக்களும் போடுகிற சோறுதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஊர் மக்கள் சொந்தமாக நினைக்காத பாதை நிலைக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சப்ரகமுவக்காரர்களின் இன்னொரு நடை

தலைமன்னார்ப் பாதையைப் பற்றிப் பேசும்போது நமது மாவட்டத்துக்காரர்கள் ஒன்றை மறக்க முடியாது. அந்த வழியில் நம்மில் பலர் திரும்பியும் போயிருக்கிறோம்.

நுவரெலியாவைப் போல நாம் ஒன்றாகத் திரண்டு வாழ்கிறவர்கள் அல்ல. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நமது தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. தேயிலை கொஞ்சம், இறப்பர் கொஞ்சம். 1977 இலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் நடந்த வன்செயலிலும், 1983 இலும் லயங்கள் எரிந்தன. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டிலும் கோயிலிலும் ஒளிந்தோம். நல்ல அயலவர்கள் சிலர் தங்கள் வீட்டிலேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள், அதையும் மறக்கக் கூடாது. அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. பாட்டன் தெற்கே நடந்து வந்த பாதையில் பேரன் வடக்கே போனான். இந்த மண்டபத்தில் அந்தப் பக்கம் சொந்தம் இல்லாதவர்கள் குறைவு.

ஆகவே பாதை என்று சொன்னால் நமக்குப் பசுமையும் நீர்வீழ்ச்சியும் மட்டும் நினைவுக்கு வராது. வந்த கதையும் போன கதையும் சேர்ந்தே வரும். இந்தப் பக்கத்துக்கு ஒரு நடைபாதை வருமானால், அந்தக் கதையும் பலகையில் இருக்க வேண்டும்.

தொழிலாளர் கேட்டு வாங்கிய பாதை

“சம்பளத்துக்கே போராட்டம், இதில் நடைபாதை வேறா?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேறொரு நாட்டின் கதையைச் சொல்கிறோம். நம்மை இங்கே கொண்டுவந்த வெள்ளைக்காரனின் நாட்டுக் கதைதான்.

இங்கிலாந்தில் மன்செஸ்டர் நகரத் தொழிலாளர்கள் ஆறு நாளும் புகைக்குள் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க மலைக்குப் போனால், மலை முழுக்கப் பிரபுக்களின் பறவை வேட்டைக் காணி. காவற்காரர்கள் தடியோடு நிற்பார்கள். 1932 ஏப்ரல் 24 ஆம் திகதி இருபது வயது பென்னி ரொத்மன் என்ற தொழிலாள இளைஞரின் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறிக் கிண்டர் மலையில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் செய்தியால் நாடே விழித்தது.

மூன்று வருடங்கள் கழித்து 1935 இல், தொழிற்சங்கங்களின் ஆதரவோடு நடந்த “டெய்லி ஹெரல்ட்” பத்திரிகையில் டொம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர் நாட்டின் முதுகெலும்பான பென்னைன் மலைத்தொடர் வழியே ஒரு நீண்ட பாதை வேண்டும் என்று எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. கூட்டம் கூட்டினார், பாராளுமன்ற உறுப்பினர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் நடக்க வைத்தார். 1965 ஏப்ரல் 24 ஆம் திகதி, கிண்டர் போராட்டத்தின் அதே திகதியில், “பென்னைன் வே” என்ற 430 கிலோமீற்றர் பாதை திறக்கப்பட்டது. கட்டுரைக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவில் முப்பது வருடங்கள்.

நடுவில் 1949 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஊரிலுள்ள ஒவ்வொரு பொதுப் பாதையையும் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும். அந்தக் கணக்கைப் பெரும்பாலும் ஊர்ச் சபைகள் எடுத்தன. ஊர்க்காரர்களே நடந்து பார்த்து, இந்தப் பாதையில் இத்தனை காலமாக மக்கள் நடக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படிப் பதிந்த பாதையைப் பிறகு காணிக்காரன் நினைத்தபடி மூட முடியாமல் போனது. எழுதி வைத்ததால் பாதை பிழைத்தது.

நமது பக்கம் என்ன நடக்கிறது? நம் அங்கத்தவர்கள் இருக்கிற ஒரு தோட்டத்தில், பழைய பங்களா ஒன்றை விருந்தினர் விடுதியாக்கினார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் குறுக்குப் பாதைக்கு கேற். பாடசாலைப் பிள்ளைகள் பிரதான ரோட்டைச் சுற்றிப் போக வேண்டியதாகிவிட்டது. நாம் கேட்கப் போனபோது, “இது பாதை என்று எங்கே எழுதியிருக்கிறது?” என்றார்கள். மூன்று தலைமுறை நடந்த பாதை, ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பல நாள் பேசித்தான் கேற்றைத் திறக்க வைத்தோம். இன்னொரு தோட்டத்தில் இது நடக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பலாங்கொடையிலிருந்து ஒரு கிளை

இப்போது நமது ஊருக்கு வருவோம். பீக்கோ பாதையின் வழியில் பலாங்கொடை இல்லை. ஆனால் அது போகிற பொகவந்தலாவை நமக்கு மேலே இருக்கிற ஊர்தான். பலாங்கொடை – பொகவந்தலாவை வீதியில் பின்னவலைப் பக்கமாக ஏறிப் போகிற வழி நம் எல்லோருக்கும் தெரிந்தது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்த ஏற்றத்தில் போய் வந்தவர்கள் நாம். மறுபக்கம் பெலிஹுல் ஓயா, அதற்கு மேலே நன்பேரியல் தோட்டம், அதன் தலைக்கு மேல் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு. கொழும்புக்காரர்கள் உலக முடிவில் நின்று கீழே பார்க்கிறார்கள். கீழே தெரிகிற லயக் கூரைகள் நம்முடையவை.

சுற்றுலா பற்றிப் பேசுகிறவர்கள் பலாங்கொடையைச் சும்மா விடப் போவதில்லை. இன்றோ நாளையோ யாராவது இந்த மலைகளில் கோடு போடுவார்கள். கோடு போட்ட பிறகு போய்ச் சத்தம் போடுவதைவிட, முன்னதாகவே நம்மிடம் ஒரு கோடு இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் கருத்து. பலாங்கொடையிலிருந்து பொகவந்தலாவைக்குத் தோட்டங்களூடாக ஒரு கிளைப் பாதை அமைத்து மேலே போகிற பீக்கோ பாதையோடு சேர்க்கலாம் என்று நாம் முன்மொழிய நினைக்கிறோம். ஆனால் நிபந்தனைகளோடு.

முதலாவது, தெரிவு. பிரதான ரோட்டில் நடக்க யாரும் வரமாட்டார்கள், தோட்டத்துக்குள்தான் வருவார்கள். எந்த வழியாக வரலாம், எந்த வழியாக வரக் கூடாது என்பதைத் தோட்டத்து மக்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். லயத்து வாசல் வழியாக, பெண்கள் குளிக்கிற பீலிக்கரை வழியாகப் பாதை போகக் கூடாது. கோயிலுக்கும் மயானத்துக்கும் மரியாதை இருக்க வேண்டும். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அந்த எல்லைக்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். களவாக ஏற்றி விடுகிற வேலையில் நம் பிள்ளைகள் மாட்டக் கூடாது.

இரண்டாவது, மண். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதை மறக்க மாட்டோம். 2016 மே மாதம் நமது மாகாணத்திலேயே கேகாலை அரநாயக்கவில் மலை சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று அடையாளம் காட்டிய சரிவில் பாதை போடக் கூடாது. மழை மாதங்களில் மூட வேண்டும். அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: நடக்க வருகிறவனுக்கு ஆபத்தான சரிவு என்றால், அங்கே குடியிருக்கிறவனை எப்போது மாற்றுவீர்கள்?

மூன்றாவது, தண்ணீரும் கழிவறையும். நடக்க வருகிறவர்களுக்காகக் கட்டுகிற கழிவறையும் குடிநீர்க் குழாயும் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கும் திறந்திருக்க வேண்டும். எட்டு மணி நேரம் மலையில் நிற்கிற தாய்க்கு இல்லாத கழிவறை இரண்டு மணி நேரம் நடக்கிற விருந்தாளிக்கு மட்டும் வருமானால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டோம்.

நான்காவது, தொழில். பாதை காட்டுவதற்கு நமது இளைஞர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? கொழும்புக் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பிள்ளைகள் சொந்த மலையில் வேலை செய்யலாம். வழிகாட்டி அனுமதியை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கொடுக்கிறது. அந்தப் பயிற்சி தமிழிலும் வேண்டும், நமது தங்கச்சிமாருக்கும் வேண்டும். பாதையைத் துப்புரவாக்குவது, பலகை நடுவது, காணு வெட்டுவது எல்லாம் சம்பளத்துக்குரிய வேலை. சிரமதானம் என்ற பெயரில் இனாமாக வாங்கக் கூடாது.

ஐந்தாவது, வீடு. நடக்க வருகிறவர் இரவு எங்கே தங்குவார்? துரை பங்களாவில். ஏன்? நம்மிடம் தங்க வைக்க வீடு இல்லை. லயத்து அறையில் நமக்கே இடமில்லை. புது வீடு கிடைத்தவர்களிலும் உறுதி கையில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பதிவுக்கும் எந்த வங்கிக் கடனுக்கும் முதலில் கேட்பது வீட்டு உறுதிதான். விருந்தினருக்கு ஓர் அறை கொடுத்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்து நாலு காசு பார்க்க நமது பெண்களுக்குத் தெரியும். தடுப்பது உறுதி இல்லாமைதான். ஆகவே நடைபாதைப் பேச்சு காணியுரிமைப் பேச்சிலிருந்து தனியானது அல்ல. காலையில் பேசியதும் இதுவும் ஒன்றே.

ஆறாவது, மரியாதை. கொழுந்துக் கூடையோடு நிற்கிற நம் தாய்மாரைக் கேட்காமல் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் எங்கெங்கோ விளம்பரமாகிறது. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது என்று பாதையின் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக்காரரைக் கண்டதும் டொபி, பேனை, காசு என்று பின்னால் ஓடுகிற பிள்ளைகளைப் பல இடங்களில் பார்க்கிறோம். பாடசாலை நேரத்திலும் ஓடுகிறார்கள். இதைப் பெற்றோர்தான் நிறுத்த வேண்டும். கை நீட்டப் பழகிய பிள்ளை நாளை வழிகாட்டியாக முன்னால் நடக்காது.

ஏழாவது, பெயர். ஒவ்வொரு மலைக்கும் நாம் வைத்த பெயர் இருக்கிறது. ஸ்டோர் மலை, கோயில் மலை, ஆலமரத்து முடுக்கு, பேய்ப்பாலம். கம்பெனி வரைபடத்தில் ஆங்கிலப் பெயரும் இலக்கமும்தான் உண்டு. பலகை நட்டால் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் நட வேண்டும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதும் எழுதப்பட வேண்டும்.

இவற்றை யாரிடம் கேட்பது? தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, 1992 முதல் கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே கம்பெனியையும் கேட்க வேண்டும், அரசையும் கேட்க வேண்டும். பிரதேச சபையையும் விட்டுவிடக் கூடாது. முன்பெல்லாம் தோட்டப் பாதை பற்றிக் கேட்டால் சட்டத்தில் இடமில்லை என்பார்கள். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாட்டுச் செல்லாது. நாம் வாக்குப் போடுகிற சபை, நாம் நடக்கிற பாதைக்கும் பொறுப்பு.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால்

பேச்சோடு முடித்துக்கொள்ளக் கூடாது என்பதால் ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் ஒரு வேலை தருகிறோம். ஆளுக்கொரு கொப்பி வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயதான ஒருவரையும் படித்த ஓர் இளைஞனையும் இளம்பெண் ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டு உங்கள் தோட்டத்தின் எல்லாப் பாதைகளிலும் நடந்து பாருங்கள். கைத்தொலைபேசியில் வழியைப் பதிவு செய்ய இளைஞர்களுக்குத் தெரியும். கொப்பியில் ஐந்து விடயங்களை எழுதுங்கள்.

பாதை எங்கிருந்து எங்கே போகிறது, யார் யார் எதற்காக நடக்கிறார்கள், எத்தனை காலமாக நடக்கிறார்கள். தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, வழுக்கல் எங்கே, மண் இறங்குகிற இடம் எங்கே. எந்த இடத்துக்கு நாம் என்ன பெயர் சொல்கிறோம், ஏன் சொல்கிறோம். பழைய கோயில், பழைய லயம், மயானம், எரிந்த லயத்தின் அடித்தளம் எங்கே இருக்கின்றன. மூடப்பட்ட பாதை ஏதும் உண்டா, யார் எப்போது மூடினார்கள்.

வயதானவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் போய்விட்டால் பல பெயர்களும் கூடவே போய்விடும். நடக்க முடியாதவர் என்றால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

இந்தக் கொப்பிகளைச் சேர்த்துச் சங்கம் ஒரு வரைபடம் தயாரிக்கும். பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுப்போம். நடைபாதை வந்தால் நமது பேச்சுவார்த்தைக்கு அது ஆதாரம். வராமலே போனாலும் நட்டமில்லை. நாளைக்கு ஒருவர் கேற் போட்டுவிட்டு, “இது பாதை என்று எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்டால், எடுத்துக் காட்ட நமது கையில் ஒன்று இருக்கும்.

பின்வரிசையில் சிரித்த அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நடக்காத நடை இல்லை, அம்மா. அதனால்தான் உங்கள் தோட்டத்துக் கொப்பியில் முதல் பக்கத்தை நீங்கள் சொல்லி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பிகளை மறக்காமல் கொண்டு வாருங்கள்.